பதினைந்தாவது பொல்லு

மரங்களுக்கு நடுவே நின்றபடி மயூரா பைக்குள் கையை விட்டாள். கையில் தட்டுப்பட்டது அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு மட்டை.

மெல்ல உருவினாள். பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. தண்டு துருப்பிடித்திருந்தது. இரும்புத் தலையின் பின்பக்கம், நட்ட நடுவில், ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம்.

மயூரா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

பையில் இருந்தவற்றை எண்ணினாள். பதினைந்து. அவசரத்தில் தப்பாக எண்ணியிருக்கலாம் என்று மறுபடி எண்ணினாள். மட்டைகள் பிடிவாதம் பிடித்தன. பதினைந்தேதான்.

கோல்ஃப் ஆட்டத்தில் பதினான்கு மட்டைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்து ஆடிய ஒவ்வொரு குழிக்கும் இரண்டு அடி தண்டம்; அதிகம் போனால் நான்கு. முதல் குழி முடிந்து, இரண்டாவது குழிக்கும் ஓர் அடி அடித்தாயிற்று. ஆக, முழுத் தண்டம். குறைவாக அடிப்பவர் ஜெயிக்கிற ஆட்டத்தில், சும்மா நின்ற இடத்தில் நான்கு அடி ஏறிவிடும்.

பைக்குச் சொந்தக்காரி இப்போது மூன்று அடி முன்னிலையில் இருந்தாள். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு. மயூராவுக்கு அதில் தலை சுற்றியது.

சொந்தக்காரியின் பெயர் ஹாவ்டிஸ். ஐஸ்லாந்துக்காரி, முப்பத்தேழு வயது, தொழில்முறை ஆட்டக்காரி. அவள் ஊர்ப் பத்திரிகைகள் அவளுக்கு வைத்த பெயர் 'சனிக்கிழமை ராணி'. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் நடக்கும் போட்டிகளில் சனிக்கிழமை மாலை பட்டியலின் உச்சியில் அவள் பெயர் இருக்கும். ஞாயிறு மாலை தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். பின்லாந்தில் ஒரு ஞாயிறு, பந்தை ஏரிக்குள் அடித்தாள். டென்மார்க்கில் ஒரு ஞாயிறு, பக்கத்து மண்டபத்துக் கல்யாண விருந்துக்குள். சுவீடனில் அடித்த பந்து, யாருக்கோ மயக்கம் என்று வந்து நின்ற ஆம்புலன்சின் கண்ணாடியை உடைத்தது. எல்லாம் ஒரே மட்டையின் கைங்கரியம். முதல் அடி அடிக்கிற, பெரிய தலை வைத்த மட்டை. முன்னிலையில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அது பந்தை வலது பக்கம் அனுப்பும்.

இன்று ஞாயிறு. ஒஸ்லோவின் விளிம்பில், காடு சூழ்ந்த மைதானத்தில், பருவத்தின் கடைசிப் போட்டி. முதலாவதாக வருகிறவருக்கு அடுத்த வருடம் ஐரோப்பியச் சுற்றில் இடம். ஹாவ்டிஸுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் ஊருக்குப் போய் அக்கா புருஷனின் டயர்க் கடையில் சேர வேண்டும். அக்டோபரில் குளிர்கால டயர் மாற்றுகிற காலம் தொடங்குகிறது, ஆள் தேவை. நெஞ்சில் 'ஹாவ்டிஸ்' என்று பெயர் தைத்த நீல மேலங்கியை அக்கா புருஷன் படமெடுத்து அனுப்பியிருந்தார். அளவு சரியா என்று வேறு கேட்டிருந்தார்.

ஆட்டக்காரரின் பையைத் தூக்கி வருகிற தொழில்முறைக் 'கேடி' அல்ல மயூரா. ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் பிறந்து வளர்ந்த பிசியோதெரபிஸ்ட். ஹாவ்டிஸின் தோள்பட்டையைச் சரிசெய்யப் போய்ச் சிநேகிதியானவள். வழக்கமாக ஹாவ்டிஸின் பையைத் தூக்குகிற அவள் தம்பி, கோடை முழுக்க மலையில் மேய்ந்த செம்மறிகளை ஊரோடு சேர்ந்து இறக்கிவரப் போய்விட்டான். போட்டி வரும் போகும், ஆடு காத்திருக்காது என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். மாட்டிக்கொண்டவள் மயூரா. போட்டி முடியும்வரை ஹாவ்டிஸ் தங்கியிருப்பதும் மயூரா வீட்டில்தான்.

ஆட்டம் தொடங்குமுன் மட்டைகளை எண்ணிப் பார்ப்பது கேடியின் வேலை. சனிக்கிழமை மாலை எண்ணினாள். இன்று காலை தொலைக்காட்சிக் கமராவைக் கண்ட பதற்றத்தில், தலைமுடியைச் சரிசெய்தாளே தவிர, எண்ணவில்லை.

சந்தனப் பொட்டைப் பார்த்ததுமே குற்றவாளி யார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பந்தைத் தேடுகிற பாவனையில் ஒரு புதருக்குப் பின்னால் ஒதுங்கி வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, பைக்குள்ளை என்னத்தை வைச்சனீங்கள்?"

"கண்டிட்டியே?" ராசமலரின் குரலில் பெருமைதான் இருந்தது. "நேற்றுச் சாப்பிடேக்கை அந்தப் பிள்ளை பதினாலு பொல்லு எண்டு சொன்னதெல்லே. எனக்கு அப்பவே மனசுக்குச் சரிவரேல்லை. நல்ல காரியத்துக்குப் போகேக்கை ஆரும் இரட்டை எண்ணிலை கொண்டு போறதே? கலியாணத் தட்டம் எண்டாலும் ஏழு, ஒன்பது, பதினொண்டு. கம்சாயினி மச்சாளின்ரை கலியாண எழுத்துக்குப் பத்துத் தட்டம் கொண்டு போய் என்ன நடந்தது?"

"என்ன நடந்தது? அவை நல்லாத்தானே இருக்கினம்."

"மாப்பிள்ளைக்குத் தலைமயிர் முழுக்கக் கொட்டுண்டு போச்சு."

மயூரா கண்ணை மூடித் திறந்தாள். "இந்தப் பொல்லு எங்காலை வந்தது?"

"கறிவேப்பிலைச் சாடியிலை செடிக்கு முட்டுக் குடுத்து வைச்சிருந்தனே, அதுதான். பள்ளிக்கூட லொப்பெமார்க்கெட்டிலை பழைய சாமான்களோடை கிடந்தது. நீ சப்பாத்துத் தேடேக்கை நான்தானே பையைக் காருக்குக் கொண்டு போனனான். அப்ப செருகிவிட்டனான்."

"அம்மா, பதினாலுக்கு மேலை இருந்தா தண்டம். அந்தப் பிள்ளையின்ரை எதிர்காலமே போகப் போகுது."

ராசமலர் உறுதியான குரலில் சொன்னாள்: "அப்ப நான் வந்து அதை எடுக்கிறன்."

"வராதேங்கோ அம்மா. தயவுசெய்து—"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

புதருக்கு மறுபக்கம் யாரோ செருமினார்கள். மயூரா திடுக்கிட்டுத் திரும்பினாள். நின்றது, ஆட்டக்காரர்களின் கணக்கு எழுதிய பலகையைக் கம்பத்தில் தூக்கிக்கொண்டு கூடவே வருகிற தன்னார்வலன். மற்றவர்கள் அரைக்கைச் சட்டையில் திரிகிற அந்தச் செப்டம்பர் வெயிலில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மூக்கு வரை மப்ளருமாக இருந்தான். எந்த நாட்டுக்காரன் என்று இதுவரை அவளுக்குத் தெரியவில்லை.

அவன் மப்ளரை இறக்கினான். "ஏங்க, தப்பா நெனைக்காதீங்க. எனக்கும் தமிழ் தெரியும்."

முதல் குழியருகே தங்கையிடம் போனில் பேசியபோது, 'பின்னாலை ஒருத்தன் சூரன்போருக்குக் கொடி பிடிக்கிறவன் மாதிரி வாறான்' என்று சொன்னது மயூராவுக்கு ஞாபகம் வந்தது.

"கொடி மேட்டரை விட்ருங்க," என்றான் அவன். "நான் சங்கரன். சாப்ட்வேர். சிலோனா நீங்க? நான் கோயம்புத்தூர்."

"நான் ஹவுகெட்டோ."

"சரிங்க. இப்ப என்ன, ஒரு ஸ்டிக் எக்ஸ்ட்ரா, அவ்வளவுதானே? இந்தப் பக்கம் கேமரா இல்ல. புதருக்குள்ள சொருகிடுங்க. நான் எதையும் பாக்கல. எனக்கு கோல்ஃபும் தெரியாது. டீம் பில்டிங்னு ஆபீஸ்ல அனுப்பி வெச்சாங்க. நாளைக்கு வந்து நானே எடுத்துக் கொடுத்துடறேன்."

மயூரா புதரைப் பார்த்தாள். அடர்த்தியான புதர். ஒரு மட்டையை விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளக்கூடிய புதர். நீல மேலங்கி கண்முன் வந்து போனது. அவளை அறியாமல் கை நீண்டது. துரு மட்டையின் முக்கால்வாசி இலைகளுக்குள் போய்விட்டது.

"என்ன செய்கிறாய்?"

ஹாவ்டிஸ் வந்து நின்றாள். ஆறடி உயரம், காற்றில் சிவந்த முகம். அவளுக்கும் மயூராவுக்கும் இடையே பேச்சு நோர்வேஜிய மொழியில்தான். அதிலும் அவள் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள்.

செடிக்கு முட்டுக் கொடுக்கிறேன் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் மயூரா யோசித்தாள். அது பாதி உண்மையும்கூட. ஆனால் பதினைந்தாவதை மறைத்து ஜெயித்தால், அது வெளியே தெரிகிற நாளில் ஹாவ்டிஸுக்கு டயர்க் கடையில்கூட மரியாதை இருக்காது. மட்டையை உருவி நீட்டினாள்.

"அம்மா வைத்துவிட்டாள். நான் எண்ணவில்லை. பதினைந்து."

ஹாவ்டிஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை உயர்த்தி நடுவரை அழைத்தாள். அவ்வளவுதான்.

நடுவர் சின்ன வண்டியில் வந்து இறங்கினார். வெள்ளைத் தாடி வைத்த ஓய்வுபெற்ற நோர்வேக்காரர். விஷயத்தைக் கேட்டு, வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"முதல் குழிக்கு இரண்டு, இந்தக் குழிக்கு இரண்டு. மொத்தம் நான்கு அடி."

சங்கரன் பலகையில் எண்களைக் கழற்றி மாட்டினான். பக்கத்தில் ஆடுகிற டென்மார்க்காரி லீனெ இப்போது ஓர் அடி முன்னால். இருபத்தொரு வயது, சட்டை முழுக்க விளம்பரம். வருத்தப்படுகிற முகத்தோடு வந்து ஹாவ்டிஸின் தோளைத் தட்டிவிட்டு, துள்ளிக்கொண்டு திரும்பிப் போனாள்.

நடுவர் துரு மட்டையை உயர்த்திப் பார்த்தார். "இது என்ன, பின்னால்?"

"ஆசீர்வாதம்," என்றாள் மயூரா.

அவர் சட்டைப்பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். "ஆசீர்வாதத்தைப் பற்றி ஒன்றும் இல்லை," என்றார் கடைசியில். "ஆனால் மட்டையின் தலையில் எதையும் பூசி ஆட முடியாது. ஆடுவதென்றால் துடைத்துவிட வேண்டும். எப்படியும் இதில் ஒன்றை விலக்கத்தான் வேண்டும். எதை விலக்குகிறீர்கள்?"

மயூரா அவரைப் பார்த்தாள். "எதை என்றால்?"

"பதினைந்தோடு தொடங்கினீர்கள். எந்த ஒன்றையும் விலக்கலாம். தேர்வு ஆட்டக்காரியுடையது."

ஹாவ்டிஸ் துரு மட்டையை வாங்கினாள். பார்த்தாள். முகர்ந்தாள். சும்மா ஒருமுறை காற்றில் வீசினாள். 'விர்' என்று ஒரு சத்தம். அவள் முகத்தில் என்னவோ நடந்தது. மூன்று நாளாக இடியப்பமும் சொதியும் சாப்பிடும்போது மட்டும் தெரிந்த முகம் அது.

"நான் ஆடத் தொடங்கியபோது இப்படி ஒரு மட்டைதான் வைத்திருந்தேன்," என்றாள். "மூன்று வருடம், இது ஒன்றுதான். எங்கள் ஊர்க் காற்றில் பந்தை உயர்த்தினால் அது கடலுக்குப் போய்விடும். இதால் தரையோடு அடிக்கலாம்."

பிறகு பைக்குள் கையை விட்டு, பெரிய தலை மட்டையை உருவினாள். ஏரி, கல்யாண வீடு, ஆம்புலன்ஸ், சற்று முன் இந்த மரங்கள் என எல்லாவற்றையும் பார்த்த மட்டை. இனி ஆடப்போவதில்லை என்பதற்கு அடையாளமாக, அதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பைக்குள் செருகினாள்.

"இது," என்றாள்.

நடுவர் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். முதல் அடிக்குரிய மட்டையைத் தொழில்முறை ஆட்டக்காரி ஒருத்தி விலக்குவது, சமையற்காரர் அகப்பையை வீசிவிட்டுச் சமைக்க நிற்பது மாதிரி.

மயூரா தன் சட்டை நுனியால் பொட்டைத் துடைத்தாள். அம்மா இதைப் பார்க்கவில்லை என்பது மட்டுமே அந்த நிமிடத்தின் ஒரே நிம்மதி.

ஹாவ்டிஸ் மரக்கிளைகளுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அடித்தாள். பந்து முழங்கால் உயரத்தில் சீறிப் போய், மரங்களைத் தாண்டி, வெளிப் புல்லில் உருண்டு, குழியைச் சுற்றியிருந்த வழுவழுப்பான பச்சையில் ஏறி நின்றது.

"இது நல்லதா கெட்டதாங்க?" என்று கேட்டான் சங்கரன்.

"நல்லது," என்றாள் மயூரா. "கனக்க நல்லது."

அதற்குப் பிறகு நடந்தது ஒரு விசித்திரமான பந்தயம். ஒவ்வொரு குழியிலும் லீனெயின் பந்து நாற்பது மீற்றர் முன்னால் போய் விழுந்தது. ஆனால் அது சில நேரம் மணலில் கிடந்தது, சில நேரம் பள்ளத்தில். ஹாவ்டிஸின் பந்து பின்னால் கிடந்தாலும் புல்லின் நடுவிலேயே கிடந்தது. பின்தங்கியிருக்கும்போது ஹாவ்டிஸுக்கு நடுக்கம் இல்லை என்பதை மயூரா கவனித்தாள். இழப்பதற்கு ஒன்றுமில்லாதவளைப் போல விசிலடித்துக்கொண்டு நடந்தாள். சங்கரன் எண்களை மாட்டிக்கொண்டே வந்தான். ஒன்று பின்னால். சமம். மறுபடி ஒன்று பின்னால்.

பதினாறாவது குழியில் மழை பிடித்தது. லீனெயின் கேடி ஒரு பெரிய குடையை விரித்தான். மயூராவும் பைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போனாள். குடை இல்லை. சனிக்கிழமை நனைந்த குடையை வீட்டுக் குளியலறையில் காயப் போட்டது அப்போதுதான் உறைத்தது.

"குடையை மறந்துவிட்டேன்," என்றாள் அழாத குறையாக.

ஹாவ்டிஸ் முகத்தை மழைக்குக் காட்டினாள். "இதற்கா? எங்கள் ஊரில் இதை வெயில் என்போம்."

அந்தக் குழியில் லீனெயின் ஈரக் கையுறை வழுக்கியது. மறுபடி சமம். பதினேழும் சமமாகவே முடிந்தது.

பதினெட்டாவது, கடைசிக் குழி. முதல் அடிகள் முடிந்தன. பச்சைக்கு முன்னால் ஓர் ஓடை குறுக்கே ஓடியது. லீனெ ஓடையைத் தாண்டி அடித்தாள். பந்து பச்சையின் மூலையில் போய் விழுந்தது. ஹாவ்டிஸ் இன்னும் பின்னாலிருந்து அடிக்க வேண்டும். எதிர்க்காற்று. அவள் கையை நீட்டினாள். மயூரா துரு மட்டையை உருவினாள்.

அந்த நேரம் பார்த்துக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சலசலப்பு. மஞ்சள் மழைச்சட்டை, கையில் சாப்பாட்டுப் பெட்டி, காலில் சந்தைக்குப் போகிற சப்பாத்து. ராசமலர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"பிள்ளை, அதைத் தா. நான் கொண்டு போறன். பிழையா வைச்சிட்டன் எண்டு அவையிட்டைச் சொல்லிவிடு."

நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நடுவர் எழுந்தார். இன்னும் நான்கு எட்டு வைத்தால் அம்மா மட்டையைப் பிடித்துவிடுவாள். மயூரா நகரவும் முடியாமல், கத்தவும் முடியாமல் நின்றாள். மைதானத்தில் அப்போது மூச்சு விடுவதே பெரிய சத்தம்.

சங்கரன் பலகையோடு குறுக்கே வந்து நின்றான். பலகை ராசமலரை முழுதாக மறைத்தது.

"வணக்கங்கம்மா," என்றான் ரகசியக் குரலில். "அந்தக் கறிவேப்பிலைச் செடி இந்தக் குளிர்ல எப்படிங்க வளருது? எங்க வீட்ல மூணு செடி வெச்சேன், மூணும் போயிருச்சு."

ராசமலர் நின்றாள். இந்த நாட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவள் எந்த இடத்தையும் கடந்ததில்லை. "எங்கை வைச்சனீங்கள் தம்பி? யன்னலுக்குப் பக்கத்திலையோ?"

"ஆமாங்கம்மா."

"அதுதான் பிழை. குளிர்காத்து அடிக்கும். ஹீட்டருக்குக் கிட்டவும் வைக்கக் கூடாது. தண்ணி..."

பலகைக்கு இந்தப் பக்கம் ஹாவ்டிஸ் மட்டையை வீசினாள்.

பந்து எழவில்லை. ஓடைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பறந்தது. அக்கரையில் ஒருமுறை தட்டிக் குதித்தது. ஈரப் புல்லில் உருண்டது. வேகம் குறையக் குறைய, கொடிக்கம்பத்தைத் தேடிப் போவது போலப் போய், இரண்டு கைநீள தூரத்தில் நின்றது.

லீனெ மூலையிலிருந்து இரண்டு அடியில் முடித்தாள். ஹாவ்டிஸுக்கு ஒன்று போதும். அவள் பந்தருகே குனிந்து நின்றபோதுதான், அவளுடைய விசில் நின்றுபோயிருந்ததை மயூரா கவனித்தாள். இது போனால் மறுபடி சமம், மறுபடி ஞாயிற்றுக்கிழமை.

"எண்ணிவிட்டாயா?" என்று கேட்டாள் ஹாவ்டிஸ், நிமிராமலே.

"பதினான்கு," என்றாள் மயூரா. "தலைகீழாக ஒன்று."

ஹாவ்டிஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே தட்டினாள். பந்து குழிக்குள் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

அன்று மாலை ஹவுகெட்டோ வீட்டில் கோழிக்கறியும் பிட்டும். ஹாவ்டிஸின் போன் ஓயவில்லை. தம்பி செம்மறிகளுக்கு நடுவில் நின்று வீடியோவில் கத்தினான், ஆடுகளும் கத்தின. அக்கா புருஷன் வாழ்த்துச் சொல்லிவிட்டு, அந்த மேலங்கி பொருந்துகிற ஆள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார்.

ராசமலர் மட்டும் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். முட்டில்லாமல் கறிவேப்பிலைச் செடி சாய்ந்து, இரண்டு கிளை முறிந்திருந்தது.

"துருப்பொல்லு இனித் தனக்கு வேணுமாம் எண்டு சொல்லுது இந்தப் பிள்ளை. அப்ப இந்தச் செடிக்கு என்ன செய்யிறது?"

ஹாவ்டிஸுக்கு மொழி புரியாவிட்டாலும் செடியைப் பார்த்ததும் புரிந்தது. எழுந்து போய், பையில் தலைகீழாக நின்ற பெரிய மட்டையை உருவிக்கொண்டு வந்தாள். சாடிக்குள் ஆழமாக நட்டு, செடியை அதோடு சேர்த்துக் கட்டினாள். செடி வலது பக்கம் கொஞ்சம் சரிந்து நின்றது. எதிர்பார்த்ததுதான்.

"ஆனா பதினாலு பதினாலுதான்," என்றாள் ராசமலர், விடாமல். "அடுத்த வருஷம் அவ்வளவு பெரிய போட்டிக்கு இரட்டை எண்ணோடையே அனுப்புறது? கூட வைக்கேலாட்டி ஒண்டைக் குறையுங்கோ. பதின்மூண்டு."

மயூரா மொழிபெயர்த்தாள். ஹாவ்டிஸின் கையிலிருந்த பிட்டு தட்டில் விழுந்தது. "பதின்மூன்றா? எங்கள் ஊரில் அதுதான் கெட்ட எண். உன் அம்மா என்னைக் கொல்லப் பார்க்கிறாளா?"

ராசமலர் எழுந்து குளியலறைக்குப் போனாள். காய்ந்த குடையோடு திரும்பி வந்து, அதைப் பையின் பக்கத்து வாரில் செருகி, எல்லாவற்றையும் விரலால் தொட்டு எண்ணினாள்.

"பதினைஞ்சு." மகளைத் திரும்பிப் பார்த்தாள். "குடை எண்டால் தண்டம் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப குடை பைக்குள்ளை இருந்திருந்தா நான் ஏன் பொல்லு தேடப் போறன்? குடையை எடுத்தது ஆர்?"

மயூரா ஹாவ்டிஸின் தட்டில் இன்னும் கொஞ்சம் கறி போட்டாள்.